தண்ணீரைப் பிளக்கும் இருபரிமாணப் பாலிமர்: கணினியில் வடிவமைப்பது எப்படி

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட் உண்டு. அதிலிருந்து கிடைப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளியைக் கொண்டு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கலாம் என்று 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டியது இந்தச் சேர்மத்தை மின்முனையாக வைத்துத்தான். ஆனால் இதன் பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரானை நிரம்பிய இணைதிறன் பட்டையிலிருந்து மேலே உள்ள காலிக் கடத்துப் பட்டைக்கு ஏற்ற வேண்டிய ஆற்றல், 3 முதல் 3.2 எலக்ட்ரான் வோல்ட் வரை (இனி ஈ.வி. என்று எழுதுகிறோம்). 1240-ஐ இந்த எண்ணால் வகுத்தால் அது உறிஞ்சக்கூடிய மிக நீண்ட அலைநீளம் நானோமீட்டரில் வரும்: சுமார் 390 முதல் 410. நாகர்கோவிலில் மே மாதம் அடிக்கிற வெயிலிலும் புற ஊதாக் கதிரின் பங்கு நூற்றுக்கு ஐந்து அளவுதான். மீதி வெயில் அந்தப் பொருளுக்குப் பயன்படாது.

பாலிமர் பக்கம், குறிப்பாகத் தாள்போல விரியும் இருபரிமாணப் பாலிமர் பக்கம், ஆய்வாளர்கள் திரும்பியதற்கு இது முக்கியக் காரணம். 2009-இல் கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடு கட்புலன் ஒளியில் ஹைட்ரஜன் தந்தது. யூரியாவையோ மெலமினையோ 550 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் இந்தப் பொருள் கிடைத்துவிடும். இடைவெளி 2.7 ஈ.வி., அதாவது 460 நானோமீட்டர் வரை உறிஞ்சும். ஆனாலும் அந்தச் சோதனையில் ஹைட்ரஜன் எடுக்க பிளாட்டினம் துணையூக்கியும், துளைகளை (ஒளி பட்டு எலக்ட்ரான் மேலே போனபின் மிஞ்சும் நேர்மின் காலியிடங்களை) வாங்கிக்கொள்ள ட்ரைஎத்தனாலமீனும் தேவைப்பட்டன. ஆக்சிஜனைத் தனியாக, வேறொரு கரைசலில் எடுத்தார்கள்.

இந்த ஒரு குறிப்பை மனதில் வைத்தே மேலே படியுங்கள். பல ஆய்வுக் கட்டுரைகள் "பட்டை விளிம்புகள் இரண்டு கோட்டுக்கும் வெளியே இருக்கின்றன, ஆகவே தண்ணீர் பிரியும்" என்ற இடத்தோடு முடிந்துவிடுகின்றன. அது முதல் சல்லடை மட்டும் (இரண்டு கோடு என்பவை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உண்டாகும் ஆற்றல் மட்டங்கள்; எண்கள் கீழே வரும்). ஒளி உண்டாக்கும் துளைக்கு ஆக்சிஜன் பக்கத்தின் நான்கு படிகளையும் தள்ளும் வலு இருக்கிறதா என்று பார்க்காத வடிவமைப்பு பாதி வேலைதான். நேரத்தில் பெரும்பங்கை அங்கே செலவிடுங்கள்.

இந்த வழிகாட்டி நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் அல்லது ஆய்வுப் படிப்பு செய்பவர்களுக்கானது. அடர்த்திச் சார்புக் கோட்பாட்டின், அதாவது எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து பொருளின் ஆற்றலைக் கணிக்கும் டி.எஃப்.டி.யின், அடிப்படை தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

மாறாத எண்கள்

வெற்றிட மட்டத்தை (பொருளை விட்டு வெளியேறி நிற்கும் எலக்ட்ரானின் ஆற்றலை) பூஜ்ஜியமாக வைத்தால், பி.எச். 0-இல் ஹைட்ரஜன் கோடு −4.44 ஈ.வி., ஆக்சிஜன் கோடு −5.67 ஈ.வி. இடையில் 1.23. பி.எச். ஒன்று கூடும்போது இரண்டு கோடுகளும் 0.059 மேலே ஏறும். பி.எச். 7-இல் அவை −4.03, −5.26. கடத்துப் பட்டையின் அடி ஹைட்ரஜன் கோட்டுக்கு மேலேயும், இணைதிறன் பட்டையின் உச்சி ஆக்சிஜன் கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும்.

கோடுகள் நகர்வதுபோல உங்கள் பாலிமரின் பட்டைகளும் பி.எச். மாறும்போது நகரும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆக்சைடு பரப்பில் புரோட்டான் ஏறி இறங்குவதால் பட்டைகளும் கூடவே நகரும். புரோட்டான் ஏற இடமில்லாத பாலிமரில் பட்டைகள் அப்படியே நின்று, கோடுகள் மட்டும் நகரலாம். அப்போது பி.எச். கூடக் கூட ஆக்சிஜன் பக்கம் எளிதாகும், ஹைட்ரஜன் பக்கம் கடினமாகும். பிரிடின் வகை நைட்ரஜன் நிறைந்த பாலிமர் அமிலத்தில் புரோட்டானை ஏற்கும் என்பதால், பி.எச். 0-க்கான கணக்கை மட்டும் நம்ப முடியாது.

இடைவெளி எவ்வளவு இருக்கலாம்? 1.23 வெப்ப இயக்கவியல் குறைந்தபட்சம். ஹைட்ரஜன் பக்கம் 0.2, ஆக்சிஜன் பக்கம் 0.6 என்று உபரி அழுத்தம் (வினை ஓட வேண்டிய கூடுதல் வோல்ட்) சேர்த்தால் 2.03. ஆகவே 2.0 முதல் 2.4 வரை குறிவையுங்கள். 600 நானோமீட்டர் வரை விழும் ஒவ்வொரு ஃபோட்டானும் வீணாகாமல் வேலை செய்தாலும், சூரிய ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறுவது சுமார் 16 சதவீதம்தான். வணிகத்துக்கு வேண்டிய இலக்காகப் பொதுவாகச் சொல்லப்படுவது 10 சதவீதம். 2.7 ஈ.வி. இடைவெளியோடு அந்த இலக்கைத் தொட முடியாது.

கருவிகள்

குவாண்டம் எஸ்பிரெசோ என்ற டி.எஃப்.டி. நிரல் இலவசம். டி.எஃப்.டி. கணக்கு முழுவதற்கும் போதும். வாஸ்ப் உரிமம் கல்லூரிக்கு இருந்தால் நல்லது, இல்லாததால் குறை ஒன்றும் இல்லை. அமைப்பை வரைய அவகாட்ரோ, பார்க்க வெஸ்டா, கோப்புகளை மாற்றவும் அதிர்வுக் கணக்குக்கும் பைத்தானில் ஏ.எஸ்.ஈ., எக்ஸைட்டான் (பிணைந்த எலக்ட்ரான்–துளை இணை) கணக்குக்கு யாம்போ, மூலக்கூறு இயக்கவியலுக்கு சி.பி.2கே.

16 கோர், 64 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பி.பி.இ. (டி.எஃப்.டி.யில் வேகமான, சாதாரணச் சார்பு) கணக்குகள் எல்லாம் ஓடும். இடைவெளியை இன்னும் சரியாகத் தரும், ஆனால் கனமான கலப்புச் சார்பு எச்.எஸ்.இ.06 சிறிய அலகுகளுக்கு மட்டும் ஓடும். பெரிய அலகுக்கு எச்.எஸ்.இ.யும் அதற்கு மேற்பட்டதும் வேண்டுமென்றால் சூப்பர் கம்ப்யூட்டர் நேரம் கேளுங்கள். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 முதல் இயங்கும் பரம் பொருள் நமக்குப் பக்கத்தில் இருப்பது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்று எழும்பும் காலத்திலும் ஐப்பசி மழையிலும் கரண்ட் போய்ப் போய் வரும். யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கினால் போதும், ஆனால் ஓட்டம் சுத்தமாக நிற்க வேண்டும். உள்ளீட்டில் "மேக்ஸ்-செகண்ட்ஸ்" எல்லையைக் கொடுத்துப் பகுதி பகுதியாக ஓட்டுங்கள். இடையில் நிறுத்த வேண்டுமென்றால் வேலை செய்யும் அடைவில் உங்கள் ப்ரிஃபிக்ஸ் பெயரோடு "எக்ஸிட்" என்ற நீட்டிப்புள்ள காலிக் கோப்பை உருவாக்குங்கள். அடுத்த நல்ல இடத்தில் நிரல் எல்லாவற்றையும் எழுதிவிட்டு நிற்கும்; "ரீஸ்டார்ட்" முறையில் தொடரலாம். சட்டென்று ப்ராசஸைக் கொன்றால் அலைச்சார்புக் கோப்பு பாதியில் நிற்கும், தொடர முடியாது.

போலி அழுத்தக் கோப்பை (அணுவின் உள் எலக்ட்ரான்களுக்குப் பதிலாக நிற்பது) முதலிலேயே சரியாகத் தேர்ந்தெடுங்கள். பி.பி.இ.க்கு அல்ட்ராசாஃப்ட் வேகமானது. ஆனால் பிறகு யாம்போவுக்குப் போகும்போது நார்ம்-கன்சர்விங் வகை கட்டாயம், எச்.எஸ்.இ.யும் அதில்தான் சிக்கலின்றி ஓடும். நடுவில் மாற்றினால் எல்லா எண்ணையும் மறுபடி எடுக்க வேண்டும். ஆகவே சூடோ-டோஜோ தொகுப்பின் நார்ம்-கன்சர்விங் கோப்புகளோடு தொடங்குங்கள். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜனுக்கு 80 முதல் 90 ரிட்பெர்க் கட்ஆஃப், அடர்த்திக்கு அதைப்போல் நான்கு மடங்கு.

எந்தப் பாலிமரை வரைவது

கணினியில் எதையும் வரையலாம். சோதனைக் கூடத்தில் ஒட்டுமா, தண்ணீரில் நிற்குமா என்பதை முதலில் கேளுங்கள். 2005-இல் வந்த முதல் கோவேலன்ட் ஆர்கானிக் ஃப்ரேம்வொர்க்குகள் (சகப்பிணைப்பால் கோத்த கரிம வலைகள்) போரான்–ஆக்சிஜன் இணைப்பால் ஆனவை; தண்ணீர் பட்டால் உடையும். தண்ணீரைப் பிரிக்கும் பொருளுக்கு அந்த இணைப்பு எந்த வகையிலும் உதவாது. இமைன் இணைப்பு அதைவிட மேல், ஆனால் அமிலத்தில் மெல்ல நீராற்பகுக்கும். அமிலத்தையும் காரத்தையும் தாங்கும் பீட்டா-கீட்டோஈனமைன் இணைப்பை 2012-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகக் குழு காட்டியது. ட்ரையசைன் வளையம், டைஅசெட்டிலீன் பாலம், பைரசைன் இணைப்பு ஆகியவையும் நம்பத் தகுந்தவை.

பட்டை விளிம்பை நகர்த்த மூன்று வழிகள் முக்கியம். வளையத்தில் ஒரு சி.எச்.ஐ எடுத்துவிட்டு நைட்ரஜன் வைத்தால் இரண்டு விளிம்பும் கீழே இறங்கும். துளையின் வலு கூடும். பென்சீன் இணைப்பை மெட்டாவிலிருந்து பாராவுக்கு மாற்றினால் இணைவு நீண்டு இடைவெளி குறுகும். எலக்ட்ரான் தரும் அலகையும் வாங்கும் அலகையும் மாற்றி மாற்றி வைத்தால் இடைவெளி குறையும், கூடவே எலக்ட்ரானும் துளையும் வெவ்வேறு இடத்தில் அமரும். மூன்றாவது வழியை அளவாகப் பயன்படுத்துங்கள். வலுவான தரும் அலகு (டைஅமினோ பென்சீன் போன்றது) இணைதிறன் பட்டையை மேலே தூக்கிவிடும். ஒளி நன்றாக உறிஞ்சும், ஆக்சிஜன் வராது.

ஹெப்டாசைனில் ஒத்திகை

புதுப் பாலிமரில் நேரே இறங்காமல், விடை தெரிந்த ஒன்றில் உங்கள் முறையைச் சோதியுங்கள். ஹெப்டாசைன் கார்பன் நைட்ரைடின் ஒற்றை அடுக்கு இதற்குப் பொருத்தம். அலகில் 6 கார்பன், 8 நைட்ரஜன். அறுகோண அணிக்கோவை, பக்கம் சுமார் 7.13 ஆங்ஸ்ட்ராம், அடுக்குகளுக்கிடையே 20 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம். இணைதிறன் எலக்ட்ரான் 6×4 + 8×5 = 64, ஆகவே நிரம்பிய பட்டை 32.

உள்ளீட்டில் பட்டை எண்ணிக்கையை 40 என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் நிரல் நிரம்பிய 32 பட்டைகளை மட்டும் கணக்கிட்டு, உச்ச நிரம்பிய மட்டத்தை மட்டும் அச்சிடும். கடத்துப் பட்டை எங்கே என்றே தெரியாது. நிரப்பு முறை "ஃபிக்ஸ்டு" ஆக இருக்கட்டும். ஸ்மியரிங் போட்டால் ஃபெர்மி மட்டம் அச்சாகும். அதை இணைதிறன் உச்சி என்று எடுத்து அட்டவணை போடுகிறவர்கள் உண்டு. அரைக்கடத்தியில் ஃபெர்மி மட்டம் இடைவெளிக்குள் எங்கேயும் விழலாம்.

கே-புள்ளி வலை 6×6×1, காமாவை மையமாகக் கொண்டது. இந்த 6 காரணத்தோடு வந்த எண். காமா, கே, எம் என்பவை அறுகோண அணிக்கோவையின் முக்கியக் கே-புள்ளிகள். 3×3 வலையில் காமாவும் கே-யும் உண்டு, எம் இல்லை. 2×2 வலையில் காமாவும் எம்-உம் உண்டு, கே இல்லை. 6×6 வலையில் மூன்றும் விழும். பட்டை உச்சியும் அடியும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும் என்பதால் எச்.எஸ்.இ. கட்டத்தில் இது மிகவும் கைகொடுக்கும்.

தளர்த்தும்போது அணிக்கோவையை எக்ஸ்-ஒய் தளத்தில் மட்டும் அசைய விடுங்கள். "செல்-டூ-ஃப்ரீ" இல் "2டிஎக்ஸ்ஒய்" என்ற தேர்வு இதற்கானது. மறந்தால் நிரல் வெற்றிடத்தைச் சுருக்கி அடுக்குகளை ஒட்டவைத்துவிடும். விசை எல்லை 0.001 ரிட்பெர்க்/போர். ஒற்றை அடுக்கிலும் டி3 (வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு) திருத்தத்தைப் போட்டே வைத்திருங்கள், பிறகு அடுக்கும்போது எண்கள் ஒப்பிடத் தக்கதாக இருக்கும்.

தட்டையான அடுக்குக்கு பி.பி.இ. சுமார் 1.2 ஈ.வி. தரும், எச்.எஸ்.இ.06 சுமார் 2.7 தரும். இந்த இரண்டையும் உங்கள் கணினி தந்துவிட்டால் கருவி சரி.

அடுத்தது பலரும் விழும் இடம். தட்டையாக வரைந்து, சமச்சீரோடு தளர்த்தினால் தட்டையாகவே நிற்கும்; விசை பூஜ்ஜியம், எல்லாம் சரி என்று தோன்றும். உண்மையில் ஹெப்டாசைன் தாள் தட்டையாக இருப்பதைவிட நெளிந்தால் ஆற்றல் குறைவு. பக்கத்துப் பக்கத்து நைட்ரஜன்களின் தனி எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று தள்ளுவதுதான் காரணம். இதைக் கண்டுபிடிக்க 2×2 மீ-அலகு எடுத்து (நான்கு அலகு, 56 அணு), ஒவ்வொரு அணுவையும் 0.05 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குச் சீரற்று நகர்த்தி, சமச்சீரை அணைத்துவிட்டுத் தளர்த்துங்கள். நெளிந்த தாளின் இடைவெளி தட்டையானதைவிடக் கூடும், விளிம்புகளும் நகரும். உங்கள் புதுப் பாலிமருக்கும் இதே சோதனை கட்டாயம். ஃபோனான் (அணுக்களின் கூட்டு அதிர்வு) கணக்கில் கற்பனை அதிர்வெண் வந்தால் அது "இந்த வடிவம் நிற்காது" என்று சொல்கிறது. கணக்குப் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். காமாவுக்கு மிக அருகே வளைவு அதிர்வில் வரும் மிகச் சிறிய கற்பனை மதிப்பு மட்டும் பெரும்பாலும் கட்ஆஃப், வலை போதாமையால் வருவது.

அடுத்த ஒத்திகையாக சி.டி.எஃப்.-1 எடுக்கலாம்: இரண்டு ட்ரையசைன் வளையம், மூன்று ஃபினைலீன், மொத்தம் 42 அணு, நிரம்பிய பட்டை 69, பக்கம் சுமார் 14.6 ஆங்ஸ்ட்ராம். அலகு பெரிது என்பதால் 3×3×1 வலை பி.பி.இ.க்குப் போதும்.

வெற்றிட மட்டம்

பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்று முழு மட்டத்தைச் சொல்கிறோம். இரண்டும் அந்தந்த அணையின் அடியிலிருந்து அளந்தவை. இதை வைத்து எந்த அணையின் நீர்ப்பரப்பு உயரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது; கடல் மட்டத்திலிருந்து அளந்தால்தான் தெரியும். டி.எஃப்.டி. நிரல் அச்சிடும் பட்டை ஆற்றல்களும் அப்படியே. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதன் பூஜ்ஜியம் வேறு. −4.44 கோட்டோடு ஒப்பிட வெற்றிட மட்டம் வேண்டும்.

பிபி.எக்ஸ் நிரலில் ப்ளாட்-எண் 11 போட்டு மின்நிலை அழுத்தத்தை எழுதுங்கள். பிறகு ஆவரேஜ்.எக்ஸ் நிரலுக்கு வரிசையாக ஆறு வரி: கோப்பு எண்ணிக்கை 1, கோப்பின் பெயர், எடை 1.0, புள்ளிகள் 1000, திசை 3, சாளர அகலம் 3.0. வரும் வெளியீட்டில் முதல் நிரை போரில் தொலைவு, இரண்டாவது தளச் சராசரி, மூன்றாவது பெருஞ்சராசரி. இரண்டாவது நிரையை வரையுங்கள். அடுக்கிலிருந்து தூரத்தில் கோடு மட்டமாக நிற்க வேண்டும். அந்த மட்டமே வெற்றிடம்.

அந்த எண் ரிட்பெர்க்கில் இருக்கும். 13.6057-ஆல் பெருக்கி ஈ.வி. ஆக்கிய பிறகே பட்டை ஆற்றலிலிருந்து கழியுங்கள். பட்டை ஆற்றல் ஈ.வி.யில் அச்சாவதால் இந்தப் பெருக்கலை விட்டுவிடுவது மிக எளிது. விடை சில ஈ.வி. தள்ளி வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கோடு மட்டமாக இல்லாமல் சாய்வாக வந்தால் தாளின் இரு முகமும் ஒன்றல்ல, இருமுனைத் திருப்புத்திறன் இருக்கிறது என்று பொருள். இருமுனைத் திருத்தத்தை இயக்கி, ரம்பப் பல் போன்ற அந்தத் தாவல் வெற்றிடத்தின் நடுவில் விழும்படி வையுங்கள். தாள் உயரத்தின் பாதியில் இருந்தால் தாவலை 0.95-இல் தொடங்கி 0.1 அகலத்துக்கு வைக்கலாம். அப்போது இரு முகத்துக்கும் இரு வெற்றிட மட்டம் கிடைக்கும். அது தொல்லை இல்லை, வாய்ப்பு: எலக்ட்ரான் ஒரு முகத்திலும் துளை மறு முகத்திலும் வேலை செய்தால், மட்ட வேறுபாடு உதவிக்கு வரும், 1.23-க்குக் குறைந்த இடைவெளியிலும் தண்ணீர் பிரியலாம் என்று 2014-இல் கோட்பாடாகக் காட்டினார்கள்.

எச்.எஸ்.இ. ஓட்டம்

பி.பி.இ. இடைவெளியைக் குறைத்தே சொல்லும். பி.பி.இ.யில் தளர்த்திய வடிவத்தை மாற்றாமல் எச்.எஸ்.இ.06-இல் ஒரு தன்னிசைவு ஓட்டம் போதும். குவாண்டம் எஸ்பிரெசோவில் கலப்புச் சார்புக்கு என்.எஸ்.சி.எஃப். ஓட்டம் (முடிந்த அடர்த்தியை வைத்து வேறு கே-புள்ளிகளில் பட்டை எடுப்பது) கிடையாது. பட்டை விளிம்பு இருக்கும் கே-புள்ளி தன்னிசைவு வலையிலேயே இருக்க வேண்டும் என்பது இதனால்தான். 6×6 இங்கே பலன் தரும். முழுப் பட்டைப் படம் வேண்டுமென்றால் வானியர்90 மூலம் இடைச்செருக வேண்டும். பரிமாற்றத்துக்கான கியூ-வலை கே-வலையை மீதியின்றி வகுக்க வேண்டும்: 1×1, 2×2, 3×3 என்று ஏற்றி, இடைவெளி 0.05 ஈ.வி.க்குள் நிலைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஃபாக் கட்ஆஃபை அடர்த்திக் கட்ஆஃபிலிருந்து அலைச்சார்பின் கட்ஆஃப் பக்கமாகக் குறைத்தால் நேரம் நன்றாக மிச்சமாகும்; குறைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு சிறு வலையில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வெற்றிட மட்டத்தையும் இந்த எச்.எஸ்.இ. ஓட்டத்திலிருந்தே மறுபடி எடுங்கள். பி.பி.இ. வெற்றிடத்தையும் எச்.எஸ்.இ. பட்டையையும் கலக்கக் கூடாது.

எக்ஸைட்டான்

இருபரிமாணப் பாலிமரில் மின்திரையிடல் குறைவு. எலக்ட்ரானும் துளையும் பிறந்ததும் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும். ஒற்றை அடுக்குகளில் இந்தப் பிணைப்பு ஆற்றல் ஏறத்தாழ துகள்போலி இடைவெளியில் (இந்தப் பிணைப்பைச் சேர்க்காத இடைவெளியில்) கால் பங்கு என்பது கையோடு வைத்துக்கொள்ளத் தக்க அளவுகோல். தண்ணீர் சூழ்ந்தால் இது குறையும், மறையாது.

முறையாகக் கணக்கிட யாம்போவில் துகள்போலி இடைவெளிக்கு ஜி.டபிள்யூ. முறை, பிறகு எக்ஸைட்டானுக்கு பெத்தே–சால்பீட்டர் முறை. இரண்டிலும் கூலூம் வெட்டை "ஸ்லாப் இசட்" என்று கட்டாயம் போடுங்கள். போடாவிட்டால் 20 ஆங்ஸ்ட்ராம் தள்ளியிருக்கும் பிரதி அடுக்கும் திரையிடும். வெற்றிடத்தைக் கூட்டக் கூட்ட எண் ஓடிக்கொண்டே இருக்கும். கே-வலையும் பி.பி.இ.க்கு வேண்டியதைவிட அடர்த்தியாக வேண்டும்.

அவ்வளவு கணினி நேரம் இல்லையென்றால் ஒரு மலிவான பார்வை உண்டு. பிபி.எக்ஸ்-இல் ப்ளாட்-எண் 7 போட்டு, இணைதிறன் உச்சியின் அடர்த்தியையும் கடத்து அடியின் அடர்த்தியையும் தனித்தனியே வெஸ்டாவில் பாருங்கள். இரண்டும் ஒரே வளையத்தில் உட்கார்ந்திருந்தால் மறுசேர்க்கை மிகும். ஒன்று ட்ரையசைனிலும் மற்றொன்று பாலத்திலும் இருந்தால் அந்த வடிவத்தைத் தொடரலாம்.

துளைக்கு வலு போதுமா

இது கணக்கின் நடு மையம். தண்ணீர் ஆக்சிஜனாவது நான்கு படி: பரப்பில் முதலில் ஓ.எச்., அடுத்து ஓ, அடுத்து ஓ.ஓ.எச்., கடைசியில் ஆக்சிஜன் மூலக்கூறு. ஒவ்வொரு படியிலும் ஒரு துளை செலவாகி ஒரு புரோட்டான் விடுபடும். நான்குக்கும் மொத்தம் 4.92 ஈ.வி. சமமாகப் பங்கிட்டால் படிக்கு 1.23. ஆனால் ஓ.எச்.சும் ஓ.ஓ.எச்.சும் ஒரே மாதிரி ஒற்றைப் பிணைப்பில் ஒட்டுவதால், இரண்டின் ஆற்றல் வித்தியாசம் பொருளுக்குப் பொருள் அதிகம் மாறாமல் சுமார் 3.2-இல் நிற்கிறது. அந்த 3.2 நடுவிலுள்ள இரண்டு படிகளுக்கு உரியது. எவ்வளவு சிறப்பாகப் பங்கிட்டாலும் ஒரு படிக்கு 1.6 வரும்.

இதன் நேரடி விளைவு: உங்கள் துளை ஹைட்ரஜன் மின்முனைக்கு எதிராக 1.6 வோல்ட்டாவது தர வேண்டும். −4.44 − 1.6 = −6.04. ஆகவே பி.எச். 0-இல் இணைதிறன் உச்சி −6.04 ஈ.வி. அல்லது அதற்குக் கீழே. −5.8-இல் நிற்கும் பாலிமர் −5.67 கோட்டைத் தாண்டிவிடும், கட்டுரையில் "தகுதியானது" என்று வரும். துணையூக்கி இல்லாமல் ஆக்சிஜன் விடாது. உங்கள் முதல் பட்டியலை −5.67-ஐ வைத்து வடிகட்டாமல் −6.04-ஐ வைத்து வடிகட்டுங்கள். பாதிப் பெயர்கள் அங்கேயே உதிர்ந்துவிடும், நல்லது.

மிஞ்சியவற்றுக்கு படிப்படியாகக் கணக்குப் போடுங்கள். ஒட்டும் இடங்களுக்கிடையே 10 ஆங்ஸ்ட்ராமாவது தள்ளியிருக்கும்படி மீ-அலகு எடுங்கள். ஓ.எச்.சை முதலில் நைட்ரஜனை ஒட்டிய கார்பனில் வையுங்கள், எலக்ட்ரான் குறைந்த இடம் அதுதான். பிறகு மற்ற இடங்களையும் விடாமல் பாருங்கள். ஓ.எச்.சும் ஓ.ஓ.எச்.சும் ஒற்றை எலக்ட்ரான் கொண்டவை என்பதால் சுழல் பிரித்த ஓட்டம் வேண்டும், ஆக்சிஜன் அணுவுக்குத் தொடக்கக் காந்தத்தன்மையும் தர வேண்டும். பூஜ்ஜியத்தில் தொடங்கினால் நிரல் பூஜ்ஜியத்திலேயே நின்றுவிடலாம், ஆற்றலில் சில பத்தில் ஒரு ஈ.வி. பிழை வரும்.

ஆக்சிஜன் மூலக்கூறின் ஆற்றலை பி.பி.இ.யில் நேராகக் கணக்கிடாதீர்கள்; அது தவறாக வரும் என்று தெரிந்ததே. தண்ணீர், ஹைட்ரஜன் இரண்டின் ஆற்றலிலிருந்து 4.92-ஐக் கொண்டு பெறுங்கள். 298 கெல்வினில் ஹைட்ரஜன் மூலக்கூறுக்குப் பூஜ்ஜியப் புள்ளி ஆற்றல் 0.27, என்ட்ரோபிப் பகுதி 0.41, தண்ணீருக்கு 0.035 பார் அழுத்தத்தில் 0.56, 0.67. ஒட்டிய நிலைகளுக்கு அதிர்வுக் கணக்கு வேண்டும். தாளை அசையாமல் வைத்து, ஒட்டிய அணுக்களை மட்டும் 0.01 ஆங்ஸ்ட்ராம் நகர்த்தி ஏ.எஸ்.ஈ.யில் செய்துவிடலாம். அதற்கு முன்பு ஒரு தோராயம் வேண்டுமென்றால், எதிர்வினை ஆற்றலோடு ஓ.எச்.சுக்கு 0.35, ஓ-வுக்கு 0.05, ஓ.ஓ.எச்.சுக்கு 0.40 கூட்டுவது வழக்கம். இவை உலோக, ஆக்சைடு பரப்புகளில் பழகிய எண்கள். கடைசி அட்டவணைக்கு உங்கள் சொந்த அதிர்வுக் கணக்கே வேண்டும்.

நான்கு படிகளின் ஆற்றல் ஏற்றத்திலும் பெரியதை எடுத்து, அதை ஈ.வி.யில் துளையின் வலுவோடு ஒப்பிடுங்கள். துளையின் வலு என்பது ஹைட்ரஜன் கோட்டுக்கும் இணைதிறன் உச்சிக்கும் உள்ள வித்தியாசம். வலு பெரிதென்றால் எல்லாப் படியும் இறக்கமாகிவிடும். இல்லையென்றால் எந்தப் படி தடுக்கிறது என்று பாருங்கள். ஓ.எச். உருவாவதே தடுத்தால் பரப்பு அதைப் பிடிக்கவில்லை. நைட்ரஜன் கூட்டிய வளையத்தை முயலலாம். ஓ.ஓ.எச். தடுத்தால் பரப்பு ஓ-வை மிக இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பாகிவிட்டால் அந்த இடம் வினையூக்கவில்லை, தானே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது என்று அர்த்தம். பாலிமரில் இது அடிக்கடி வரும், மறைக்காமல் எழுத வேண்டிய முடிவு.

ஹைட்ரஜன் பக்கம் சுருக்கம். ஹைட்ரஜன் ஒட்டும் ஆற்றலோடு 0.24 கூட்டினால் கிப்ஸ் ஆற்றல் மாற்றம். பூஜ்ஜியத்துக்கு அருகில் இருந்தால் நல்லது. கடத்து அடிக்கும் ஹைட்ரஜன் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஏற்றத்தைத் தாண்ட வேண்டும். கார்பன்–நைட்ரஜன் பாலிமர்களில் பொதுவாகத் தொல்லை இந்தப் பக்கம் இல்லை.

கரைசலின் விளைவை என்விரான் தொகுப்பின் தொடர்ச்சிக் கரைப்பான் மாதிரியோடு ஒருமுறை சரிபாருங்கள். ஓ.எச்., ஓ.ஓ.எச். இரண்டும் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுபவை. அந்த நேரடிப் பிணைப்பைத் தொடர்ச்சி மாதிரி பிடிக்காது. ஒட்டிய குழுவுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு தண்ணீர் மூலக்கூறுகளை வைத்தும் பாருங்கள்.

கடல் நீர் பற்றி

மூன்று பக்கமும் கடல் இருக்கும்போது கடல் நீரையே பிரித்தால் என்ன என்று யாரும் கேட்பார்கள். குளோரைடு ஆக்சிஜனேற்றத்தின் அழுத்தம் 1.36 வோல்ட். −6.04-க்குக் கீழே இறக்கி வலுவூட்டிய துளை அதையும் எளிதாகச் செய்யும். இரண்டு எலக்ட்ரான் வினை என்பதால் நான்கு எலக்ட்ரான் ஆக்சிஜன் வினையைவிட வேகமாகவும் போகலாம். குளோரின் வரும், பாலிமரையும் தின்னும். முதல் வடிவமைப்பைத் தூய நீருக்கே செய்யுங்கள். கடல் நீருக்குப் போகும் நாளில் குளோரின் ஒட்டும் படிகளையும் அதே முறையில் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேதியியலாரிடம் கொடுக்க வேண்டியவை

தேறிய பாலிமருக்கு 300 கெல்வினில் 5 பிகோ விநாடி இயக்கவியல் ஓட்டி, தாள் கிழியவில்லை என்று பாருங்கள். ஹைட்ரஜன் இருப்பதால் காலப்படி 0.5 ஃபெம்டோ விநாடி. அடுக்குகளை நேருக்கு நேர், நகர்த்தியது என்று இருவிதமாக அடுக்கி, எது ஆற்றலில் தாழ்வு, விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று எழுதுங்கள். கூடத்தில் கிடைப்பது ஒற்றை அடுக்காக இருக்காது. அடுக்கும்போது இடைவெளி குறையும், இணைதிறன் உச்சி மேலே வந்து −6.04-க்கான உங்கள் மிச்சத்தைத் தின்றுவிடும்.

கூடவே கொடுக்க வேண்டியவை: தளர்த்திய அமைப்பு சி.ஐ.எஃப். கோப்பாக, அதிலிருந்து வெஸ்டாவில் எடுத்த எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (டிஃப்ராக்‌ஷன்) வரைபடம், பெத்தே–சால்பீட்டரில் வந்த உறிஞ்சல் நிறமாலை, எந்த மோனோமர் எதோடு எந்த இணைப்பில் என்ற வரைவு, தடுக்கும் படியின் பெயரும் எண்ணும். தடுக்கும் படி ஆக்சிஜன் பக்கம் இருந்தால் எந்த அணுவில் கோபால்ட் போன்ற துணையூக்கியைப் பிடிக்க வைக்கலாம் என்பதையும் குறியுங்கள். இரண்டு பிரிடின் நைட்ரஜன்கள் எதிரெதிரே பார்க்கும் பொந்துகள் உலோக அயனிக்கு நல்ல இருக்கை.